பூச்சியும் வயது பார்க்கிறது!

காய்ச்சலால் துடிக்கும் குழந்தையைத் தாய் டாக்டரிடம் தூக்கிச் செல்கிறாள். டாக்டர் முதலில் என்ன கேட்கிறார்?

"குழந்தைக்கு வயது என்ன?"

அதன் பிறகுதான் மருந்து. ஆறு மாதக் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தை அறுபது வயதுப் பாட்டிக்கு எந்த டாக்டரும் கொடுப்பது இல்லை.

ஆனால் பயிருக்கு மருந்து வாங்கும்போது நடப்பது என்ன?

"அண்ணே! நெல்லிலே புழு விழுந்து விட்டது. நல்ல மருந்தாக ஒன்று கொடுங்கள்" என்கிறார் உழவர். கடைக்காரர் அலமாரியில் இருந்து ஒரு புட்டியை எடுத்து வைக்கிறார். பணம் கை மாறுகிறது. பயிரின் வயது என்ன, ரகம் என்ன என்ற பேச்சே அங்கு எழுவது இல்லை.

இது பெரிய தவறு. உழவரும் கடைக்காரரும் பார்க்க மறந்த அந்த இரண்டையும், பூச்சி மறக்காமல் பார்க்கிறது! பயிரின் வயதைப் பார்த்து வருகிறது. ரகத்தைப் பார்த்துத் தங்குகிறது. இதைத் தெரிந்து கொண்டால் வீண் செலவு மிச்சம். தெரியாமல் போனால் பணமும் போகும், பயிரும் போகும்.

எந்த வயதில் எந்தப் பூச்சி?

பல் முளைக்காத குழந்தைக்குப் பால். பல் உள்ளவர்களுக்கு முறுக்கு. மனிதருக்கு வயதுக்கு ஏற்ற உணவு இருப்பதுபோல, பூச்சிக்கும் பயிரின் வயதுக்கு ஏற்ற உணவு உண்டு. நெற்பயிரையே எடுத்துக் கொள்ளலாம்.

நாற்றங்காலில் இருக்கும் இளம் நாற்றைத் தேடி வருவது இலைப்பேன். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சி. இது சாற்றை உறிஞ்சினால் இலையின் நுனி சுருண்டு காய்கிறது. நாற்று வளர்ந்து இலை தடித்து விட்டால் இதன் கொட்டம் அடங்கி விடும்.

நடவு முடிந்து பயிர் தூர் கட்டுகிறது. அப்போது வருகிறது ஆனைக்கொம்பன் ஈ. பார்ப்பதற்குக் கொசு போல இருக்கும். இதன் புழு குருத்துக்குள் புகுந்து விட்டால், அந்தக் குருத்து இலையாக விரியாது. வெங்காயத் தாள் போலக் குழலாக நீளும். யானைத் தந்தம் போல வெளுத்துத் தெரியும். அந்தச் சிம்பில் கதிர் வராது.

ஆனால் பயிருக்குள் இளங்கதிர் உருவாகத் தொடங்கி விட்டதா? இனி அந்தச் சிம்பில் ஆனைக்கொம்பு தோன்றாது. அதன் காலம் முடிந்தது!

கதிர் வெளிவந்து மணிகளில் பால் பிடிக்கிறது. இப்போது வருவது கதிர் நாவாய்ப் பூச்சி. வயலில் இறங்கினாலே இதன் நாற்றம் மூக்கைத் துளைக்கும். மணிக்குள் இருக்கும் பாலை இது உறிஞ்சி விடுகிறது. நெல் பதராகிறது. மணி முற்றிக் கெட்டியான பிறகு இதற்கு அங்கே அதிக வேலை இல்லை.

ஆக, ஒரே வயல். வருகிற விருந்தாளி மட்டும் மாதத்துக்கு ஒருவர்!

ஒரே புழு, இரண்டு கணக்கு

இன்னொரு வகைப் பூச்சி இருக்கிறது. அது எல்லா வயதிலும் வரும். ஆனால் அது செய்யும் கேடு வயதுக்கு வயது மாறும். அதுதான் குருத்துப்பூச்சி.

இளம் பயிரில் இதன் புழு தண்டைத் துளைத்தால் நடுக்குருத்து காய்கிறது. பிடித்து இழுத்தால் கையோடு வந்து விடுகிறது. பார்க்கும் உழவருக்கு வயிறு எரிகிறது. ஆனால் பயிர் என்ன செய்கிறது தெரியுமா? போன சிம்புக்குப் பதிலாகப் புதிய சிம்பை விடுகிறது. இழந்ததை ஈடு கட்ட அதற்கு வயது இருக்கிறது.

அதே புழு கதிர் வரும் நேரத்தில் துளைத்தால்? கதிர் முழுவதும் வெள்ளை வெளேர் என்று நிமிர்ந்து நிற்கும். உள்ளே மணி இராது. இதுவே வெண்கதிர். இனிப் புதுச் சிம்பு விட்டு, அது கதிராகி, முற்றுவதற்கு நேரம் ஏது? போனது போனதுதான்.

இதனால்தான் வேளாண்மைத் துறையினர் சொல்லும் அளவும் வயதுக்கு வயது மாறுகிறது. இளம் பயிரில் 100 குருத்துக்கு 10 குருத்து காயும்வரை மருந்து வேண்டாம் என்கிறார்கள். கதிர் வந்த பயிரிலோ 100-க்கு 2 வெண்கதிர் தெரிந்தாலே விழித்துக் கொள்ள வேண்டும் என்கிறார்கள். அதே வயல், அதே புழு. பொறுக்கக் கூடிய அளவு மட்டும் பத்தில் இருந்து இரண்டாகக் குறைந்து விடுகிறது!

இலைச் சுருட்டுப் புழுவின் கதையும் இதுதான். இது இலையைக் குழலாகச் சுருட்டி, உள்ளே இருந்துகொண்டு பச்சையைச் சுரண்டித் தின்னும். வயலைத் தூரத்தில் இருந்து பார்த்தால் வெளுத்துத் தெரியும். பயந்து போய் உடனே மருந்து அடிப்பவர்களே அதிகம்.

ஆனால் இளம் பயிருக்கு இலை மேல் இலை வந்து கொண்டே இருக்கும். நூற்றுக்குப் பத்து இலை பழுதானாலும் அது தாங்கும். கதிருக்குக் கீழே கடைசியாக வரும் கண்ணாடி இலை மட்டும் அப்படி அல்ல. மணிக்குச் சோறு ஊட்டும் தாய் அந்த இலைதான். அது நூற்றுக்கு ஐந்து பழுதானாலே விளைச்சலைப் பாதிக்கும்.

கதிர் நாவாய்ப் பூச்சிக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பூக்கும் நேரத்தில் 100 கதிருக்கு 5 பூச்சி இருந்தால் கவனிக்க வேண்டும். பால் பிடித்து முற்றும் காலத்தில் அந்த அளவு 16.

வயதைக் கேட்காமல் மருந்து அடிப்பது எவ்வளவு குருட்டுத்தனம் என்பது இந்த எண்களில் இருந்தே விளங்கும்.

இறக்கை மாற்றும் புகையான்

வயதைப் பார்ப்பதில் எல்லாப் பூச்சிகளையும் மிஞ்சியது புகையான். பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. நெற்பயிரின் அடித்தண்டில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து, புகை பட்டது போல ஆகிவிடும்.

நீண்ட இறக்கை உள்ள சில பூச்சிகள் முதலில் பறந்து வந்து இளம் வயலில் இறங்குகின்றன. இடம் நல்ல இடம். சாறு நல்ல சாறு. ஆகவே இவற்றின் பிள்ளைகளில் பல குட்டை இறக்கையோடு பிறக்கின்றன. இவை பறந்து போவது இல்லை. இருந்த இடத்திலேயே முட்டை இட்டுக் குடும்பத்தைப் பெருக்குகின்றன.

பயிர் முற்றிச் சாறு குறைகிறது. பூச்சிக் கூட்டமும் நெருக்கி அடிக்கிறது. உடனே மறுபடியும் நீண்ட இறக்கைப் பூச்சிகள் தோன்றுகின்றன. வேறு இளம் வயலைத் தேடிக் கிளம்பி விடுகின்றன! குடும்பம் நடத்தக் குட்டை இறக்கை. குடி பெயர நெட்டை இறக்கை.

ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். 110 நாள் பயிரில் மூன்று தலைமுறை தலை எடுக்கலாம். 150, 160 நாள் பயிர் என்றால் இன்னும் இரண்டு தலைமுறைக்கு இடம் கிடைக்கிறது. குறுகிய கால ரகம் சில சமயம் தப்பித்துக் கொள்வது இதனால்தான்.

ரகத்துக்கு ரகம் ருசி

வயதுக்கு அடுத்தது ரகம்.

வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு ரகம். அந்தப் பக்கம் வேறு ரகம். ஒரே வாய்க்கால் தண்ணீர். ஒரே நாளில் நடவு. ஆனால் ஒன்று தீய்ந்து நிற்கும். மற்றது பச்சையாக நிற்கும். இதைப் பார்த்த உழவர்கள் பலர். காரணம் என்ன?

'முத்கோ' என்ற இந்திய நெல் ரகத்தில் இதை ஆராய்ந்தார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த அந்த ஆராய்ச்சி 1970-ல் வெளிவந்தது. புகையான் முத்கோ பயிரிலும் வந்து உட்காருகிறது. ஊசி போன்ற வாயைக் குத்துகிறது. ஆனால் தொடர்ந்து உறிஞ்சுவது இல்லை. அந்தப் பயிரின் சாற்றில் 'அஸ்பராஜின்' என்ற சத்து குறைவு. புகையானின் நாக்கைச் சுண்டி இழுக்கும் ருசி அதில்தான் இருக்கிறது. உப்பு இல்லாத குழம்பை விருந்தாளி ஒதுக்குவது போல, முத்கோவைப் புகையான் ஒதுக்குகிறது!

முத்கோவுக்கு மட்டும் இந்தச் சக்தி இல்லை. கோயம்புத்தூரின் கோ.22, அம்பாசமுத்திரத்தின் ஏ.எஸ்.டி.7 ஆகிய தமிழ்நாட்டு ரகங்களிலும் புகையானைத் தாங்கும் குணம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி. ரகங்கள் சிலவற்றிலும், இலங்கையின் 'ரத்து ஹீனட்டி' நெல்லிலும் அந்தக் குணம் இருந்தது.

குருத்துப்பூச்சிக்கும் இப்படி ஒரு ரகம் கிடைத்தது. அது திரூர்குப்பம் ஆராய்ச்சிப் பண்ணையின் டி.கே.எம்.6. தண்டைத் துளைக்கும் பூச்சி இதன் மீது முட்டை இடவே தயங்கியது. இந்த நெல்லைச் சேர்த்து உருவானதுதான், 1969-ல் வெளிவந்த ஐ.ஆர்.20. தமிழ்நாட்டு உழவர்கள் பல ஆண்டுகள் விரும்பிப் பயிரிட்ட நெல் அது.

ஆனால் ஐ.ஆர்.20 புகையானுக்குத் தாங்கவில்லை! ஒரு பூச்சியை எதிர்க்கும் ரகம் எல்லாப் பூச்சியையும் எதிர்க்கும் என்று எண்ணக் கூடாது. பூட்டு ஒன்று, திருடர்கள் பலர்.

வயதும் ரகமும் ஒன்றோடு ஒன்று கலந்தும் வேலை செய்யும். சில ரகங்கள் நாற்றாக இருக்கும்போது தாக்கப்படும். வளர்ந்த பிறகு தாங்கி நிற்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரே ரகத்தை நம்பியதன் விலை

1966-ல் ஐ.ஆர்.8 வெளிவந்தது. குட்டையான பயிர். உரம் போட்டால் சாயாது. விளைச்சல் குவிந்தது. ஆசியாவில் பல நாடுகளின் பசியைத் தணித்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அது புகையானுக்கும் விருந்து வைத்தது. வயல்கள் நெருக்கமாயின. உரம் ஏறியது. ஒரு போகம் முடிவதற்குள் அடுத்த போகம் வந்தது. அதுவரை சில்லறைப் பூச்சியாக இருந்த புகையான் பெரிய கொள்ளைக்காரன் ஆனது. 1973, 74-ல் கேரளத்து வயல்களில் அது பெரும் அழிவைச் செய்தது.

1973-ல் ஐ.ஆர்.26 வந்தது. முத்கோவின் எதிர்ப்புக் குணம் அதில் இருந்தது. உழவர்கள் மகிழ்ந்தார்கள். ஊர் முழுவதும் அதே ரகம். நாடு முழுவதும் அதே ரகம். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அந்தச் சாற்றையும் குடித்துப் பழகிய புகையான் பெருகி விட்டது!

1976-ல் ஐ.ஆர்.36 வந்தது. அதில் வேறு வகை எதிர்ப்புக் குணம். 1980களில் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் அது பயிராயிற்று. பிறகு இந்தோனேசியாவின் சில பகுதிகளில் அதையும் புகையான் தாக்கியது.

நல்ல ரகம் வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. ஊரில் நாலைந்து ரகம் இருந்தால் பூச்சிக்கு நாலைந்து பூட்டு. ஒரே ரகம் என்றால் ஒரே பூட்டு. அதற்குச் சாவி கிடைத்து விட்டால் ஊரே கொள்ளை போகும்.

முந்திக்கொண்ட மருந்து

நட்ட இருபதாம் நாள். இலை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. உழவர் மருந்து அடிக்கிறார். புழு சாகிறது. அவருக்குத் திருப்தி.

ஆனால் அந்த மருந்தில் செத்தது புழு மட்டும் அல்ல. புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்தி செத்தது. அதன் முட்டையை உறிஞ்சும் சிறு நாவாய்ப் பூச்சியும் செத்தது. புகையானின் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அது பொரிந்து வெளியே வரும்போது எதிரியே இல்லை. காவல்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்தது போல ஆகிறது!

இதை இந்தோனேசிய அரசு அனுபவத்தில் கண்டது. 1986-ல் நெல்லுக்குத் தெளிக்கும் 57 மருந்துகளுக்கு அங்கே தடை விதித்தார்கள். உழவர்களுக்கு வயலிலேயே பூச்சிப் பாடம் நடத்தினார்கள். மருந்து குறைந்ததால் அந்த நாட்டின் நெல் விளைச்சல் விழுந்து விடவில்லை.

வியட்நாமில் 1994-ல் வேறு ஒரு முயற்சி. "விதைத்த முதல் 40 நாட்கள் பூச்சி மருந்து வேண்டாம், நீங்களே வயலின் ஒரு பகுதியில் சோதித்துப் பாருங்கள்" என்று உழவர்களிடம் சொன்னார்கள். வானொலியில் நாடகம் போட்டார்கள். சோதித்த உழவர்கள் உண்மையைக் கண்டார்கள். அந்தப் பகுதியில் மருந்து தெளிப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

அவர்களைக் காப்பாற்றியது புதிய மருந்து அல்ல. பயிரின் வயதைப் பார்க்கும் பழக்கம்தான்.

வீட்டில் உள்ள எல்லோருக்கும் வேலை

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். குடும்பத்தில் ஆளுக்கு ஒரு வேலை செய்தால் போதும்.

உள்ளங்கையை நனைத்து நாற்றின் மேல் தடவினால் இலைப்பேன் ஒட்டிக் கொள்ளும். 12 முறை தடவி 60 பூச்சிக்கு மேல் இருந்தால்தான் கவலை. நாற்றங்காலை அவ்வப்போது நீரில் மூழ்க வைத்தாலும் இது குறையும். எண்ணுகிற வேலையைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே செய்யலாம்.

நாற்றுப் பறிக்கும் பெண்கள், நடுவதற்கு முன் இலை நுனியைக் கிள்ளி எறியலாம். குருத்துப்பூச்சி முட்டை வைப்பது அந்த நுனியில்தான். பழுப்பு ரோமம் மூடிய சிறு குவியலாக அது தெரியும். காசு இல்லாத மருந்து இது!

நடும்போது எட்டு அடிக்கு ஒரு அடி வழி விட வேண்டும். காற்றும் வெயிலும் அடித்தண்டுக்குப் போகும். புகையானுக்கு அது பிடிக்காது. யூரியாவை அளவோடு போட வேண்டும். தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல், வடித்துக் காய்ச்சிப் பாய்ச்ச வேண்டும்.

மேலே இருந்து பார்த்தால் புகையான் தெரியாது. குத்தை விலக்கி அடித்தண்டைப் பார்க்க வேண்டும். ஒரு சிம்புக்கு ஒரு பூச்சி என்றால் எச்சரிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கிறதா? அப்போது சிம்புக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்திக்கு அவ்வளவு மதிப்பு!

ஊரார் சேர்ந்து செய்ய வேண்டியதும் உண்டு. ஒரு வாய்க்காலில் பாயும் வயல்களை மூன்று வாரத்துக்குள் நட்டு முடிப்பது நல்லது. ஒருவர் நடுவார், ஒருவர் அறுப்பார் என்று இருந்தால், பூச்சிக்கு ஆண்டு முழுவதும் இளம் பயிர் கிடைத்துக் கொண்டே இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி

உழவர் மட்டும் மாறினால் போதாது. மருந்துக் கடைகளும் மாற வேண்டும். வயதும் ரகமும் கேட்காமல் புட்டியை நீட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். உள்ளே இருப்பது நஞ்சு. அது தெளிப்பவர் உடம்பிலும் படுகிறது, தண்ணீரிலும் கலக்கிறது.

வேளாண்மைத் துறையும் தன் பங்கைச் செய்ய வேண்டும். எந்த ரகம் எந்தப் பூச்சிக்குத் தாங்கும், எந்த வயதில் எதை எண்ண வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் ஊருக்கு ஊர் எழுதி வைக்க வேண்டும். நேற்றுத்தான் எழுதப் படிக்கக் கற்ற தாயும் அதைப் படித்துப் புரிந்து கொள்ள வேண்டும்.

பழைய ரகங்களின் விதையைப் பாதுகாப்பதும் அவசியம். அம்பாசமுத்திரத்து நெல்லிலும் பட்டாம்பி நெல்லிலும் இருந்த குணம் ஒரு நாள் உலகத்துக்கே தேவைப்பட்டது. அந்த விதைகள் அழிந்து போயிருந்தால் அந்தப் பூட்டு எங்கே கிடைத்திருக்கும்?

அடுத்த முறை வயலில் புழு தெரிந்தால், கடைக்கு ஓடுவதற்கு முன் உழவர் தன்னைத் தானே இரண்டு கேள்வி கேட்டுக் கொள்ளட்டும்.

"பயிருக்கு வயது என்ன? ரகம் என்ன?"

பதில் தெரிந்து விட்டால், பல நேரங்களில் கடைக்குப் போக வேண்டிய வேலையே இராது!